வானத்தில் ஒரு புள்ளி

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் புது இடத்தில் கும்பாபிஷேகம் நடந்தது. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிபட்டு, வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டபடியால் அம்மனும் எங்களைப் போலவே இடம் பெயர வேண்டியதாயிற்று. அன்று நான் எடுத்த படங்களைப் பினாங்கு வீட்டில் வைத்துக் காட்டியபோது, அத்தை ஒரு படத்தில் விரலை வைத்து, "பாருடா தம்பி, கோபுரத்துக்கு மேலே கருடன்!" என்றார். கூடியிருந்த உறவினர்கள் அத்தனை பேரும் கைகூப்பினார்கள்.

எனக்கும் கைகூப்ப ஆசைதான். ஆனால் அதே கருடன், மறுநாள் லிட்டில் இந்தியா வீதியில் எடுத்த படத்திலும் அதே உயரத்தில் வட்டமிட்டுக் கொண்டிருந்தது. பாடாங் கோத்தா கடற்கரையில் பேத்தியை நிற்க வைத்து எடுத்தேன், அங்கேயும் வந்துவிட்டது.

வாசகர்களில் பலர் படச்சுருள் காலத்தவர்கள். அப்போதெல்லாம் ஒரு படம் எடுத்தால் சுருள் நகர்ந்து, அடுத்த படத்துக்குப் புதுத் துண்டு வந்து நிற்கும். தூசி விழுந்திருந்தாலும் பெரும்பாலும் அது அந்தப் படத்தோடு போய்விடும். இன்றைய டிஜிட்டல் கேமராவில் சுருள் இருக்கும் இடத்தில் சென்சார் என்ற சில்லு நிலையாக உட்கார்ந்திருக்கிறது. ஆயிரம் படம் எடுத்தாலும் ஒளியை வாங்குவது அந்த ஒரே சில்லுதான். அதன்மேல் உட்கார்ந்த தூசி, தானாக விலகாத வரையில் எல்லாப் படங்களிலும் தலைகாட்டும்.

லென்ஸைக் கழற்றி மாற்றும்போதுதான் தூசி நுழைகிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. நீட்டிச் சுருக்கும் ஜூம் லென்ஸ் துருத்தி மாதிரி காற்றை உள்ளே இழுக்கும். கேமராவுக்குள் ஓடும் பாகங்களே தேய்ந்து துகள் உதிர்ப்பதும் உண்டு. நம் பினாங்கில் இதோடு தைப்பூசம் வேறு! 1894 முதல் செட்டியார்களின் வெள்ளி ரதம், 2017 முதல் தங்க ரதம், வழியெல்லாம் உடைபடும் தேங்காய், கற்பூரப் புகை, தண்ணீர்மலையின் 513 படிகளிலும் பறக்கும் திருநீறு. பக்தர்களுக்கு அருள், கேமராவின் திறந்த வாய்க்கு ஆபத்து.

அந்தத் தைப்பூசத்துக்குத்தான் ஒரு வாரம் இருந்தது. பேத்தி முதன்முறையாகப் பால்குடம் எடுக்கிறாள். கடையில் கேட்டால் கேமராவை இரண்டு வாரம் விட்டுப் போகச் சொன்னார்கள். வீட்டிலேயே துடைக்கலாமென்றால் நடுக்கம். சென்சாரின் முன்னே மெல்லிய கண்ணாடி வடிகட்டி ஒன்று இருக்கிறது. தூசி உட்காருவது அதன்மேல்தான். அந்த வகையில் ஆறுதல். ஆனால் அதில் கீறல் விழுந்தால் செலவு சின்னதாக இராது.

இந்த நிலையில் எனக்கு நினைவு வந்தவர் பெரியம்மா மகள், எங்கள் அக்கா. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரத்தில் இண்டெல் போன்ற மின்னியல் ஆலைகள் வந்த பிறகு, தோட்டத்துப் பெண்கள் பலர் பால்வாளியை வைத்துவிட்டு ஆலைப் பேருந்தில் ஏறினார்களே, அவர்களில் ஒருவர். பூதக்கண்ணாடியில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டிய கை அது. "முகத்துக்குப் பவுடர் போடக் கூடாது, தலையில் பூ வைக்கக் கூடாது, தொப்பியும் அங்கியும் இல்லாமல் உள்ளே விடமாட்டான்" என்று அவர் சொல்ல அந்த நாளில் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அக்கா வந்ததும் கேமராவைத் தொடவில்லை. முதலில் எவ்வளவு தூசி என்று பார்க்கச் சொன்னார். அதற்கு வழி சுலபம். லென்ஸின் துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி, கவனப் புள்ளியைக் கலைத்து, வெள்ளைத் தாளையோ வெறும் வானத்தையோ எடுக்க வேண்டும். துவாரம் சிறுத்தால் தூசியின் நிழல் கூர்மையாக விழும். அகலத் திறந்தால் நிழல் கலைந்து மறைந்துவிடும். எடுத்தோம். கருடன் ஒன்றல்ல, ஒன்பது! இன்னொன்றும் சொன்னார்: லென்ஸ் காட்சியைத் தலைகீழாக விழச் செய்வதால், படத்தில் மேலே தெரிவது சென்சாரில் கீழே இருக்கும். கேமராவின் வாய்ப்பக்கமாக எட்டிப் பார்ப்பவருக்கு இடது வலது மாறாது, மேல் கீழ் மட்டும் மாறும்.

அடுத்து, இடம். சாம்பிராணி போட்ட கூடம் ஆகாது, விசிறி சுழலும் அறையும் ஆகாது. எங்கள் வீட்டில் அக்கா தேர்ந்தெடுத்தது குளியலறை. யாராவது குளித்து, ஆவி அடங்கி, தரை ஈரமாக இருக்கும் நேரம். மிதக்கும் தூசி அப்போது படிந்திருக்கும். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்து வந்த கேமராவை உடனே திறக்கவும் விடவில்லை. நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பனியாகப் படரும். பைக்குள்ளேயே வைத்து அறைச் சூட்டுக்கு வரவிட்டோம்.

பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமராவில் சுத்தம் செய்வதற்கான கட்டளையைக் கொடுத்தால் கண்ணாடி மேலே போய் நிற்கும். பாதியில் மின்சாரம் தீர்ந்தால் கீழே விழுந்துவிடும். கண்ணாடி இல்லாத புதியவற்றில் சென்சார் நேராகத் தெரியும். உள்ளே சென்சாரே அசையும்படி அமைந்தவையும் உண்டு. அவற்றை அழுத்தவே கூடாது, கையேட்டைப் படித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

கேமராவின் வாயைத் தரையை நோக்கிக் கவிழ்த்தார் அக்கா. ரப்பர் ஊதியை முதலில் வெளியே நான்கைந்து முறை அழுத்தி, அதன் வயிற்றுத் தூசியைப் போக்கினார். பிறகு அதன் மூக்கு வாய் வளையத்தைத் தாண்டாமல் பிடித்து 'புஸ், புஸ்' என்று பத்துத் தடவை. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த காற்று திரவமாகக் கக்கிக் கறை உண்டாக்கும். இரண்டையும் அவர் அனுமதிக்கவில்லை. (அத்தை கதவருகில் நின்று கோடாலித் தைலம் வேண்டுமா என்று கேட்டதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.)

மறுபடி வெள்ளைத் தாள். ஒன்பது நான்காகியிருந்தது. மறுபடி ஊதியும் நான்கு நான்காகவே நின்றது. காற்றுக்கு அசையாதது ஈரப்பசையோடு ஒட்டியது. அதற்கென்று துடைப்புத் துண்டும் திரவமும் விற்கிறார்கள். துண்டின் அகலம் சென்சாருக்குப் பொருந்த வேண்டும்: முழு அளவுக்கு 24 மில்லிமீட்டர், சிறிய அளவுக்கு 16. இரண்டே சொட்டு திரவம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு; துண்டைத் திருப்பி மறுபக்கத்தால் எதிர்த்திசையில் ஒரே இழுப்பு; உடனே குப்பைக்கு. அதே துண்டை இரண்டாம் முறை போட்டால் முதல் முறை எடுத்த மணலே கண்ணாடியைக் கீறும். காதுகுடையும் பஞ்சு, மூக்குக்கண்ணாடித் துணி, சட்டை நுனி எதற்கும் உள்ளே இடமில்லை. அக்காவின் கை அந்த இரண்டு இழுப்பிலும் நடுங்கவில்லை. முப்பது ஆண்டு உத்தியோகம் விரல் நுனியில் மிச்சமிருந்தது.

நான்கு, இரண்டாயிற்று. இரண்டும் ஒரு மூலையில். இன்னொரு துண்டை நான் பிரிக்கப் போனேன்.

"வச்சிடு தம்பி. பால்குடத்தை எஃப் 16-லயா எடுக்கப் போற? எஃப் 8-ல எடு, தெரியாது."

மூடியைப் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தார். தைப்பூசத்தன்று ஒரே லென்ஸோடு போனேன். அந்த இரண்டு புள்ளிகளும் இன்னும் மூலையில்தான் இருக்கின்றன.