வேடந்தாங்கலுக்கு ஒரு லென்ஸ்

வேடந்தாங்கலுக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், ஏரிக் கரையில் நின்று செல்போனில் பறவைகளைப் படம் பிடித்தும் இருப்பீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், மரத்தின் மேல் யாரோ சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள்! "இதுதான் நாரை" என்று குழந்தைகளை நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

என் அக்காவுக்கு நேர்ந்ததும் அதுதான். இத்தனைக்கும் அவளிடம் இருந்தது செல்போன் அல்ல. அமெரிக்கா போன பெண் விட்டுச் சென்ற கேனன் காமிரா. அதோடு வந்த சின்ன லென்ஸ் 55 மில்லிமீட்டருக்கு மேல் எட்டாது.

"ஏண்டா தம்பி, பத்திரிகையில்தானே இருக்கிறாய்? தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுமே, அந்த லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடேன். சீட்டுப் பணம் எட்டாயிரம் இருக்கிறது. அதற்கு மேல் தம்படி கிடையாது" என்றாள்.

எட்டாயிரம் ரூபாய் என்றால் பழைய லென்ஸ்தான். பழைய லென்ஸ் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு, கசப்பான அனுபவம்! என்னுடையது நிக்கான் டி3000 வரிசைக் காமிரா. அந்த வரிசையில் போகஸ் செய்யும் மோட்டார் காமிராவுக்குள் கிடையாது. லென்ஸுக்குள் இருந்தால்தான் உண்டு. 'ஏஎப்-எஸ்' என்று போட்டிருந்தால் கவலையில்லை. வெறும் 'ஏஎப்' என்றால் கையால் திருகிக் கொண்டே இருக்க வேண்டியதுதான். 300 என்ற எண்ணைக் கண்டு மயங்கிய நான் அந்த ஓர் எழுத்தைக் கவனிக்கவில்லை. நான் திருகி முடிப்பதற்குள் நாரை அடுத்த ஊருக்குப் போய்விடும்.

கேனன் காமிராவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே வேறொரு மயக்கம் காத்திருக்கிறது. கடைக்காரர் மேஜைமேல் இரண்டு லென்ஸ்களை வைத்தார். ஒன்று 75–300, விலையும் குறைவு. மற்றது 55–250, கொஞ்சம் அதிகம்.

"முந்நூறு பெரிசு இல்லையா? விலையும் மலிவாக இருக்கிறதே!" என்றாள் அக்கா.

பெரிசுதான். ஆனால் எட்டும் தூரம் கூடக் கூடக் கை நடுக்கமும் கூடவே பெரிதாகும். அவளுடைய காமிராவில் 300 மில்லிமீட்டருக்கு, நொடியில் 500-இல் ஒரு பங்கு வேகத்திலாவது ஷட்டர் மூடித் திறக்க வேண்டும். வெளிச்சம் மங்கினால் அது நடக்காது. அந்த 55–250-இல் நடுக்கத்தைச் சமாளிக்கும் 'ஐஎஸ்' என்ற ஏற்பாடு இருந்தது. அந்த மலிவு லென்ஸில் இல்லை. (பறவை அசைந்தால் ஐஎஸ் ஒன்றும் செய்யாது. நம் கை அசைவுக்கு மட்டும்தான் அது மருந்து.)

அடுத்து நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கத்திரிக்காயில் புழுப் பார்க்கிற பழக்கம் வீண் போகவில்லை. செல்போன் விளக்கைப் பின்புறம் பிடித்து, லென்ஸுக்குள்ளே உற்றுப் பார்த்தாள். இரண்டொரு தூசி இருந்தால் பாதகமில்லை. சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வளர்ந்துகொண்டே போகும். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பிறகு லென்ஸைக் காமிராவில் மாட்டி, 250-க்கு இழுத்து, எதிர்சாரி மருந்துக் கடைப் பலகையைப் படம் எடுத்தாள். திரையில் பெரிதாக்கி மூலை எழுத்துக்களைக் கூடப் படித்தாள். கடைக்காரர் முகத்தில் அலுப்புத் தட்டியது. அக்கா லட்சியம் செய்யவில்லை. பேரம் பேசி ஏழாயிரத்துக்கு முடித்தாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். செங்கற்பட்டைத் தாண்டி, படாளத்தில் திரும்ப வேண்டும். ஏரிக்குள் தண்ணீரில் நிற்கும் மரங்கள் பூராவும் கூடுகள். கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தை குத்தி நாரை, நீர்க்காகம், எல்லாம் ஒண்டுக் குடித்தனம்! பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எருவாகிறது. அதனால் ஊரார் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வருகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் அதற்கு உரிமை பெற்றவர்கள். தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒரே கலங்கல். அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "ஏழாயிரமும் ஏரியில்தானா?" என்றாள். எனக்கும் பகீரென்றது. அப்புறம் கரையோர மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி அழுத்தச் சொன்னேன். நாலரை மணிக்கு மேல் இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்ப ஆரம்பித்தன. வெளிச்சம் குறையவே ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றினோம்.

பறவையின் கண்ணில் நம் நிழல் தெரிகிற படமெல்லாம் 250-இல் வராது. அதற்கு லட்ச ரூபாய் வேண்டும். ஆனால் அலகில் சுள்ளியோடு கூட்டில் இறங்கும் வர்ண நாரை, வாலருகே ரோஜா நிறச் சிறகுகள், கீழே வாய் பிளந்து நிற்கும் இரண்டு குஞ்சுகள். அக்கா எடுத்த படம் அது. திரும்பி வருகிற வழியெல்லாம் காமிராத் திரையை அணைக்கவே இல்லை.

"உன் முந்நூறு என்னடா ஆச்சு?" என்றாள் திடீரென்று.

புத்தக அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அகராதி சாயாமல் தாங்கிக் கொண்டிருக்கிறது.