மேலே காபி, கீழே மீன்

மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறது அந்தக் கண்ணாடிப் பட்டறை. சாமி படத்துக்குச் சட்டம் போடுவது, ஜன்னல் கண்ணாடி மாற்றுவது இதெல்லாம்தான் அன்றாடப் பிழைப்பு. மீன் தொட்டி வேலை வந்தால் மட்டும் பையன்களை நகரச் சொல்லிவிட்டு மேஸ்திரியே உட்கார்ந்துவிடுவார்.

இந்தத் தடவை வந்தது வெறும் தொட்டி இல்லை, டீப்பாய். அடையாறு காந்தி நகரில் இரண்டாம் மாடி வீடு ஒன்றின் கூடத்தில், சோபாவுக்கு முன்னால் போட வேண்டும். நாலடி நீளம், இரண்டடி அகலம், பதினைந்து அங்குல உயரம். மேலே டபரா செட்டு, கீழே மீன்.

பத்து எம்.எம். ஃப்ளோட் கண்ணாடி. "மூணு நூல்" என்பார் மேஸ்திரி. கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் நனைத்து, ஸ்கேலை ஒட்டி ஒரே இழுப்பு. நடுவில் நின்றால் கோடு இரண்டாகிவிடும், உடைசல் வேறு பக்கம் ஓடும். கோட்டுக்கு நேர் அடியில் தட்டிக்கொண்டே போகிறார். ஓரிடத்தில் சத்தம் மாறுகிறது. இரண்டு கையாலும் லேசாக அமுக்கினார், கண்ணாடி பிளந்துகொண்டது.

ஒட்டும் ஓரங்களை ஸ்பிரிட்டால் துடைத்தபின் விரல் படக்கூடாது. சிலிக்கானைப் பிதுக்கியதும் பட்டறை முழுக்கக் காடி நெடி. காற்றின் ஈரத்தில் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுவதால் வருவது அது. நெடி அடங்க ஒரு வாரம், அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து சேர்த்த குளியலறை சிலிக்கானை மேஸ்திரி தொட்டிக்குத் தொடுவதே இல்லை. "மீன் செத்துப்போனா யாரு சார் பாவம்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிறுத்தினாலும் ஏறத்தாழ 245 லிட்டர் தண்ணீர், அதாவது 245 கிலோ. கண்ணாடி, மணல், இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்தால் 350-க்குக் குறையாது. இவ்வளவு கனத்தைச் சுவரோரமாகவோ பீமுக்கு மேலாகவோ வைப்பதுதான் முறை. டீப்பாயோ கூடத்தின் நடுவில் உட்காருகிற சாமான். கடைசியில் டீப்பாயைப் பீம் இருக்கும் கோட்டுக்கு நகர்த்தினார்கள், சோபா பின்னாலேயே போனது. இரும்புச் சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங். கடல் காற்றடிக்கும் அடையாற்றில் வெறும் பெயின்ட்டை நம்பக் கூடாது.

சிக்கல் வந்தது மேல் கண்ணாடியில். அது டஃபன் கண்ணாடி. சூளையில் 600 டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பதால் பலம் கூடும், ஆனால் அதன்பின் வெட்டவோ துளை போடவோ முடியாது. கை வைத்தால் பொடிப்பொடியாகிவிடும். வீட்டுக்காரர் ஒரே பலகையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் வேண்டும் என்றார். படத்தில் அப்படித்தான் அழகாக இருக்கும்.

கொளத்தூர்ப் பையன் ஒருவன் வந்திருந்தான். வண்ண மீன் தொழிலுக்குப் பெயர்போன ஊர் அது. தி.நகர்ப் பக்கம் கிளினிக், துணிக்கடைத் தொட்டிகளைக் கழுவித் தருவது அவன் வேலை. வரைபடத்தைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "கை எங்கண்ணா விடறது?"

யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பலகை மட்டும் பதினெட்டு கிலோவுக்கு மேல். வாராவாரம் கால் பங்குத் தண்ணீர் மாற்ற, பாசி தேய்க்க, அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மேஸ்திரி பென்சிலை எடுத்தார். மூன்றடிப் பலகை நிலையாக, ஓரடித் துண்டு தனியாக. அந்தத் துண்டு ஐந்து கிலோவுக்குள், ஒரு கையால் எடுக்கலாம். நாலு பக்கமும் ரப்பர் பொத்தான் வைத்து அரை அங்குல இடைவெளி. சித்திரை வெயிலில் நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடு ஏற ஏற அதில் கரையும் பிராணவாயு குறையும், மூடியும் வைத்துவிட்டால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

மீனைத் தேர்ந்தெடுத்ததும் பையன்தான். 1909-ல் மெரினாவில் திறந்த மீன் காட்சிச்சாலையிலிருந்து நாம் மீனைப் பக்கவாட்டில் பார்த்தே பழகியவர்கள். டீப்பாயில் பார்வை மேலிருந்து விழும். சீனாவில் பீங்கான் தொட்டியில் மேலிருந்து பார்க்கவென்றே வளர்த்தது கோல்டு ஃபிஷ், அதனால் அதுவே சரி என்றான். ஆறு போதும், அதுவும் உடனே இல்லை. மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்று மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கோய் குட்டி கேட்டவர்களிடம், "ரெண்டடி வளரும்ணா, எங்க வைப்பீங்க?" என்று முடித்துவிட்டான்.

இப்படியொரு டீப்பாய் செய்துகொள்ள ஆசையிருந்தால், மேல் கண்ணாடி சூளைக்குப் போகும் முன்பே வரைபடத்தைத் தொட்டி கழுவ வருகிற ஆளிடம் காட்டிவிடுங்கள்.