ஒரே கூரையின்கீழ் ஒரு வாரம்

1983இன் பின் சிதறிய எமது குடும்பங்கள் மணமண்டபங்களிலும் மரணவீடுகளிலுமே கூடுகின்றன. முகங்காணலாம், மனம்விட்டுப் பேச நேரமிராது.

சென்ற கோடையில், 1951இல் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவான பீக் டிஸ்ரிக்ற் பகுதியில், அருகருகே இருந்த மூன்று பண்ணை வீடுகளை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். பாரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சகோதரர் வந்தனர்.

பாடசாலை விடுமுறையில் வாடகை அதிகமே. எனினும் பிள்ளைகளின்றிக் கூடுவதிற் பயனில்லை. முதியோருக்குக் கீழ்த்தளத்திற் படுக்கையறை உண்டா என முன்கூட்டியே விசாரியுங்கள். பெரிய தாச்சியும் இடியப்ப உரலும் மறவாது கொண்டுசெல்லுங்கள்.

பிரெஞ்சு பேசும் பேரனுக்கும் ஆங்கிலம் பேசும் பேர்த்திக்கும் பொதுமொழியாக எஞ்சியது தமிழே. தடுமாறியேனும் அதிற்றான் விளையாடினர். முதியோர் உள்ளபோதே நீங்களும் ஒருமுறை இவ்வாறு கூடுங்கள்.