பலெர்மோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இத்தாலி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை ரோமாபுரியும் போப்பாண்டவரும்தான். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தையும், தண்ணீரில் நிற்கும் வெனிசையும் சொல்வார்கள். நான் இங்கே எழுத வந்தது இவற்றைப் பற்றி அல்ல. இத்தாலியின் வரைபடம் ஒரு பூட்சு கால் போல இருக்குமல்லவா? அந்தக் காலின் நுனியில், உதைபடக் காத்திருக்கும் பந்துபோலக் கடலில் கிடப்பது சிசிலித் தீவு. அதன் தலைநகரம் பலெர்மோ. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் வரைபடப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஊர். ஒரே நாளில் பார்த்து முடித்துவிட முடியாதுதான். ஆனால் எங்களுக்குக் கிடைத்தது ஒரே நாள். ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் ஒரு சுற்றுலாக் குழுவோடு இத்தாலி போயிருந்தோம். குழுவினர் நேப்பிள்ஸ் நகரில் தங்கியிருந்தபோது, நானும் என் சக ஆசிரியை ஒருவரும் மட்டும் பிரிந்து இரவுக் கப்பல் ஏறினோம். இரவு எட்டு மணி வாக்கில் ஏறினால் விடியற்காலையில் பலெர்மோவில் இறக்கிவிடுகிறார்கள். அன்றிரவே திரும்பும் கப்பலும் உண்டு. ஆகவே அறை வாடகை மிச்சம். குழுத் தலைவருக்கு மட்டும் மனசில்லை. "மாபியா ஊராயிற்றே, டீச்சர். பெண்கள் ரெண்டு பேர் தனியாப் போறீங்களே" என்றார்.

துறைமுகத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் மரீனா சதுக்கம். அங்கே ஒரு மரம் நிற்கிறது. ஒரு மரமா, ஒரு தோப்பா என்று பார்க்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். கிளைகளிலிருந்து விழுதுகள் இறங்கித் தூண்களாகி, வேர்கள் மலைப்பாம்புகள் போலத் தரையில் நெளிந்து கிடக்கின்றன. இது நம் ஆலமரத்தின் உறவு. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். நம் ஊரானால் இப்படி ஒரு மரத்தடியில் முனியாண்டிக்கு ஒரு சூலம் நட்டிருப்போம். இங்கே கிழவர்கள் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார்கள்.

இதே சதுக்கத்தில்தான் 1909-ஆம் ஆண்டு மார்ச் மாதம், மாபியாவைத் துப்பறிய நியூயார்க்கிலிருந்து வந்திருந்த பெத்ரோசினோ என்ற காவல் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார்கள். குழுத் தலைவர் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. மாபியா என்றால் நாம் சினிமாவில் பார்த்த கோட்டும் தொப்பியும்தான் கண்முன் வரும். அது பிறந்து வளர்ந்த இடம் எது தெரியுமா? பண்ணைகளும் எலுமிச்சைத் தோட்டங்களும். சிசிலியின் நிலப்பிரபுக்கள் பலெர்மோ மாளிகைகளில் உல்லாசமாக இருந்தார்கள். உள்நாட்டிலிருந்த பெரும் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்த இடைத்தரகர்கள் அவற்றைத் துண்டு துண்டாக ஏழைகளுக்கு மறுகுத்தகைக்கு விட்டுக் கசக்கிப் பிழிந்தார்கள். துப்பாக்கி ஏந்திய காவற்காரர்களும் கூட. 'உன் தோட்டத்தை நான் காவல் காக்கிறேன், பணம் கொடு. கொடுக்காவிட்டால் உன் மரங்கள் வெட்டப்படும்' என்பதே அவர்கள் தொழில். கங்காணி கதைகளையும் தண்டல் கதைகளையும் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்காத விஷயமா?

1947-ஆம் ஆண்டு மே முதல் தேதி, பலெர்மோவுக்குத் தெற்கே போர்த்தெல்லா டெல்லா ஜினெஸ்ட்ரா என்னும் மலைக் கணவாயில், நிலம் கேட்டுப் போராடி வந்த விவசாயக் கூலிகள் மனைவி மக்களோடு தொழிலாளர் தினம் கொண்டாடக் கூடியிருந்தார்கள். மேலே குன்றுகளில் மறைந்திருந்த ஜூலியானோ என்பவனின் கொள்ளைக் கூட்டம் சுட்டது. 11 பேர் மாண்டார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. தோட்டத்து மே தினக் கூட்டங்களுக்குப் போய் வந்த குடும்பங்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்த இரு நீதிபதிகள், ஃபால்கோனேயும் பொர்செல்லினோவும், நூற்றுக்கணக்கான மாபியாக்காரர்களைக் கூண்டில் ஏற்றினார்கள். அந்த மாபெரும் வழக்கு 1986-இல் தொடங்கியது. 1992-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி ஃபால்கோனேயும் அவர் மனைவியும் சென்ற சாலையையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 19-ஆம் தேதி, பொர்செல்லினோவும் போனார். அதன் பிறகுதான் ஊர் விழித்தது. ஃபால்கோனே வாழ்ந்த வீட்டு வாசலில் உள்ள மரத்தில் இன்றும் மக்கள் கடிதங்களைச் செருகி வைக்கிறார்கள். மாமூல் கொடுக்க மாட்டோம் என்று 2004-இல் இளைஞர்கள் சிலர் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதில் சேர்ந்த கடைகளின் கதவில் ஒரு சின்ன ஒட்டுத்தாள் இருக்கும். நாங்கள் பசியாறிய கடையிலும் அது இருந்தது. அன்று குடித்த காப்பியின் ருசிக்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

அங்கிருந்து பழைய நேர்சாலையில் நடந்தால் ஊரின் நடு நெஞ்சு வருகிறது. 'குவாத்ரோ காந்தி' என்கிறார்கள். நமக்குத் தெரிந்த காந்தி அல்ல. அவர்கள் மொழியில் நான்கு மூலைகள் என்று பொருள். இரண்டு பெருவீதிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், நான்கு மூலைகளிலும் வளைந்த நான்கு கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு நீரூற்றும் ஒரு பருவத்தின் சிலையும், நடுவில் ஒரு ஸ்பெயின் அரசர், உச்சியில் ஊரைக் காக்கும் ஒரு புனிதப் பெண். பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். சந்தை கலைவதற்குள் பல்லாரோவுக்குப் போய்விட வேண்டும்.

பல்லாரோ ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த சந்தை. அரபியர் சிசிலியை ஆண்ட காலத்தில் தோன்றியது. பக்கத்து கிராமம் ஒன்றின் பெயரே இதற்கு வந்தது என்பர் பலர். நம் தக்காணத்து ராஷ்டிரகூட மன்னர்களை அரபியர் 'பல்ஹரா' என்று அழைத்தார்கள், அந்த நாட்டு வாசனைச் சரக்குகள் விற்ற இடம் என்பதால் இந்தப் பெயர் என்று சொல்வாரும் உண்டு. எது உண்மையோ, கேட்க நன்றாயிருக்கிறது.

இரண்டு பக்கமும் துணிப் பந்தல். நடுவில் ஆள் இடிக்காமல் நடக்க வழியில்லை. கடைக்காரர்கள் ராகம் போட்டுக் கூவுகிறார்கள். அந்தக் கூவலுக்கே அவர்கள் பேச்சில் தனிப் பெயர் உண்டு, 'அப்பன்னியாத்தா' என்று. ஒருவன் நிறுத்திய இடத்தில் அடுத்தவன் எடுக்கிறான். நம்முடைய பசார் மாலாமில் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள் இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும். வாள்மீனின் தலையை வாள் வானத்தைப் பார்க்க நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். கத்தரிக்காய் குண்டு குண்டாக, பளபளவென்று. ஒரு கடையில் ஒரு முழத்துக்கும் மேல் நீண்ட வெளிர்ப்பச்சைக் காய்களைப் பார்த்து என் தோழி கையைப் பிடித்து நிறுத்தினார். சுரைக்காய்! அதன் கொழுந்து இலைகளைக் கட்டுக் கட்டாகக் கீரையாக விற்கிறார்கள். கோடையில் அதைத்தான் சூப்பாக்கிச் சாப்பிடுவார்களாம்.

தின்பதற்கு அங்கேயே நின்றபடி எல்லாம் கிடைக்கும். கடலை மாவைத் தண்ணீரில் களிபோலக் கிண்டி, மெல்லிதாகப் பரப்பி, ஆறியதும் வெட்டிப் பொரித்து, எள்ளு தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். பெயர் 'பனெல்லே'. மேலே எலுமிச்சையைப் பிழிந்துகொள்ள வேண்டும். பஜ்ஜி தின்று வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமே இல்லை; ஒரு பச்சை மிளகாய் மட்டும் இருந்திருக்கலாம். 'அரஞ்சீனா' என்பது குங்குமப்பூச் சோற்றை ஆரஞ்சுப் பழம் அளவு உருட்டி, உள்ளே கறியும் பட்டாணியும் வைத்துப் பொரித்தது. மாட்டின் மண்ணீரலை ரொட்டியில் வைத்து விற்கும் கடையில்தான் கூட்டம் அதிகம். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

சோறு, எலுமிச்சை, கத்தரிக்காய், கரும்பு - இவையெல்லாம் அரபியரோடு இந்த மண்ணுக்கு வந்தவை என்கிறார்கள். இப்போது வந்திருப்பவர்கள் வேறு. இந்தச் சந்தையிலும் அடுத்த மக்கேடா வீதியிலும் வங்காளதேசத்தாரும் ஆப்பிரிக்கரும் கடை போட்டிருக்கிறார்கள். 2016-இல் அந்த வங்காளதேசக் கடைக்காரர்கள் சிலர் தங்களை மிரட்டி மாமூல் கேட்டவர்கள்மேல் துணிந்து புகார் கொடுத்தார்கள். நேற்று வந்த பிழைப்புக்காரர்கள், நாளை என்ன ஆகுமோ என்ற நிலையில் இருப்பவர்கள், சாட்சி சொல்ல முன்வந்தார்கள். அந்த வீதியில் கோபுரங்களை அண்ணாந்து பார்த்ததைவிட அந்தச் சின்னச் சின்னக் கடைகளை அதிகம் பார்த்தேன்.

சந்தைக்கு மேற்கே சிறிது தூரத்தில் அரண்மனை. சிசிலியை அரபியரிடமிருந்து கைப்பற்றிய நார்மன் மன்னர்களின் அரண்மனை. இரண்டாம் ரோஜர் 1130-இல் முடிசூடி, அடுத்த பத்து ஆண்டுகளில் உள்ளே ஒரு சிற்றாலயம் எழுப்பினார். ஞாயிறு காலையில் பூசை நடக்கும்போது பார்வையாளர்களை விடமாட்டார்கள். முடியும்வரை காத்திருந்து போனோம். சுவர்களெல்லாம் பொன் பதித்த கிரேக்க வேலைப்பாடு. வழிபாடு லத்தீன் முறை. மேலே மரத்தாலான கூரையோ அரபுக் கைவினைஞர்கள் செய்தது, தேன்கூடு போல அடுக்கடுக்காக. அதில் யாழ் மீட்டுவோர், சதுரங்கம் ஆடுவோர் படங்கள்கூட உண்டு. ரோஜர் 1142-இல் செய்வித்த நீர்க்கடிகாரத்துக்கு லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். மின்கம்பத்து 'அபாயம்' பலகையை நான்கு மொழிகளில் பார்த்துப் பழகிய நமக்கு அதைப் பார்த்ததும் ஏதோ சொந்த ஊர் போல இருந்தது.

ஆனால் இதை இனிப்பாக மட்டும் சொல்லி முடித்தால் பிள்ளைகளுக்குப் பாதி வரலாறு சொன்னதாகும். ரோஜரின் பேரன் காலத்திலேயே முஸ்லிம்களை இத்தாலிக்கு நாடு கடத்தினார்கள். 1492-இல் யூதர்களைத் துரத்தினார்கள். கூரை செய்தவன் போய்விட்டான். கூரை மட்டும் இருக்கிறது.

மாலையில் பேருந்து ஏறி பெல்லெக்ரினோ மலைக்குப் போனோம். அந்தப் பெயருக்கு யாத்திரிகர் என்று பொருள். சுமார் 600 மீட்டர் உயரம். ஊருக்கு வடக்கே கடலோரம் தனித்து நிற்கும் பாறை மலை. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு குகை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ரோசாலியா என்ற பிரபு குலத்துப் பெண் உலக வாழ்வை வெறுத்து இங்கே தவமிருந்து மறைந்தாளாம். 1624-இல் ஊரில் கொள்ளைநோய் பரவியபோது அவள் எலும்புகளைக் கண்டெடுத்து ஊரைச் சுற்றி எடுத்து வர, நோய் நீங்கியது என்பது நம்பிக்கை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? ஜூலை மாதம் பெரிய தேர்த் திருவிழா. செப்டம்பர் 4-ஆம் தேதியை ஒட்டி, இரவிலே கால்நடையாக மலை ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு.

குகைக்குள்ளே குளிர். பாறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அது பக்தர்கள் தலையில் விழாமலிருக்க மேலே தகட்டு வாய்க்கால்கள் கட்டி ஒரு தொட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். பத்துமலைக் குகையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். கண்ணாடிப் பேழைக்குள் பொன்னாடை போர்த்திப் படுத்த கோலத்தில் ரோசாலியா. அதன் முன்னே, சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசிய ஓர் அம்மா கைகூப்பி நின்றார்.

இலங்கைப் போரின் காரணமாக 1980-களிலிருந்து ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்கள் பலெர்மோவில் வந்து தங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்களில் கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, சைவர்களும் ஞாயிறுதோறும் இந்த மலைக்கு வருகிறார்கள் என்பதும் தெரியும். இருந்தாலும் நேரில் கண்டபோது பேச்சு வரவில்லை. அந்த அம்மாவே கேட்டார்.

"எங்கயிருந்து வாறியள், பிள்ளை?"

மலேசியா என்றேன்.

"மலேசியாவோ! எங்கட அப்பப்பாவின்ர தம்பி மலாயாவிலை தான் இருந்தவர், ரயில்வேயிலை."

வெளியே கல் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து 86-இல் வந்தவர். "வந்த புதுசிலை வீட்டு வேலை. பாஷையும் தெரியாது. கும்பிட ஒரு கோயிலும் இல்லை. வேலை செய்த வீட்டம்மா தான் ஒரு நாள் கையைப் பிடிச்சு இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தவ. மலையும் குகையும் தண்ணியும் கண்டவுடனை அழுது போட்டன்."

"நீங்க சைவம்தானேம்மா?"

"ஓம், சைவம் தான். வெள்ளிக்கிழமை வீட்டிலை விளக்கு வைக்கிறனான். ஞாயிற்றுக்கிழமை இவவிட்டை வாறனான். இவ கோவிக்க மாட்டா."

அவருடைய மகன் இங்கேயே பிறந்து படித்தவன். வேலை கிடைக்காமல் லண்டனுக்குப் போய்விட்டான். கூடவே வந்துவிடு என்று அம்மாவைக் கூப்பிடுகிறானாம். "நான் போனா அந்தக் கிழவியை ஆர் பாக்கிறது?" என்றார். கிழவி என்றது, அன்று கையைப் பிடித்து மலைக்கு அழைத்து வந்த அதே வீட்டம்மாவை. அவருக்கு இப்போது எழுந்து நடக்க முடியவில்லை.

பிறகு என் முறை. எங்கள் தோட்டத்தில் கோயில் இருக்கிறதா என்று கேட்டார். நான் பிறந்த தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்ததையும், பிறகு நிலம் கைமாறி ஜனங்கள் தாமான்களுக்குச் சிதறியதையும், மாரியம்மன் கோயில் மட்டும் தனியே நிற்பதையும், ஆடித் திருவிழாவுக்கு மட்டும் எல்லோரும் வருவதையும் சொன்னேன். அதுவும் எத்தனை வருடத்துக்கோ என்றேன்.

"திருவிழாவுக்கு வாறினமெல்லே?" என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

கீழே இறங்கும் பேருந்தில் எங்களோடுதான் வந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் கிழவியின் வீட்டில் இருக்க வேண்டும். துறைமுகத்துக்கு எங்கே இறங்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் இத்தாலிய மொழியில் அதட்டலாகச் சொல்லி வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். ஆறு உளுந்து வடை. உளுந்து பல்லாரோச் சந்தையிலேயே கிடைக்கிறதாம். நன்றாக அரைத்திருந்தார், பச்சை மிளகாயும் இருந்தது. உப்புதான் ஒரு சிட்டிகை குறைவு.