தங்கையிடம் மறைத்தது

என் இடது மார்பகத்தை எடுத்தபோது எனக்கு 33 வயது. அதற்காக அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்துவிட்டேன். நான் ஒப்புக்கொள்ள வேண்டியது அதற்குப் பிறகு செய்ததை.

கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். ஆபரேஷனுக்கு முன்பே ஜெனடிக் கவுன்சலர் என் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் பழுது என்று வந்தது. இதே பே ஏரியாவில், பெர்க்லியில்தான், 1990-ல் மேரி-கிளேர் கிங் அந்த மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். அம்மா வழியில் யாருக்கும் புற்றுநோய் இல்லை என்று கவுன்சலரிடம் அடித்துச் சொன்னேன். "அப்பா வழியில்?" என்றார். பெரிய அத்தை 'வயித்துல கட்டி' வந்து நாற்பது வயதிலேயே போய்ச் சேர்ந்தவர். இந்தப் பழுது அப்பாவிடமிருந்தும் வரும் என்பது அன்றைக்குத்தான் தெரியும். கூடப்பிறந்தவளுக்கும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு. இருந்தால், ஆயுளுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கும் மேல்; சினைப்பைக்கும் ஆபத்து. குடும்பத்தாருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் தந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களாக என் தங்கையிடம் பேச மாட்டார்கள், நான்தான் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை. கோவையில் அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்த நேரத்துல அவளை எதுக்குப் பயமுறுத்தணும்?" என்றேன் கணவரிடம். அவரும் நம்பினார். பொய். ஊரில் எல்லோருக்கும் 'சின்னக் கட்டி, எடுத்தாச்சு' என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். மரபணுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மார்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதைத்தான் என்னால் முடியவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைக்கத் தங்கைதான் டெய்லரிடம் போனாள். "அளவு மாறியிருக்காக்கா? போட்டோல இளைச்ச மாதிரி இருக்க." பழைய அளவே போதும் என்றேன். வந்த ரவிக்கைக்குள் சிலிக்கான் மார்பை வைத்துக்கொண்டேன். மார்பகம் எடுத்தவர்களுக்கு இதற்கான செலவை இன்சூரன்ஸ் ஏற்க வேண்டும் என்று 1998 முதல் இங்கே சட்டம் இருக்கிறது. கையில் எடுத்தால் நல்ல கனம்; வைத்துக்கொண்டால் அடியில் வேர்த்துக் கொட்டும். இடது பக்கமாகப் போனதில் ஒரு சௌகரியம், முந்தானை மூடிவிடும். கொலு பார்க்கப் போன வீடுகளில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

நடிகை கௌதமி தனக்கு 35 வயதில் வந்த மார்பகப் புற்றுநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறவர். அவர் பேசிய வீடியோ ஒன்றை, 'என்ன தைரியம் பாரு' என்று எழுதி, அதே தங்கைக்கு அனுப்பியவள் நான்.

அடுத்த முறை போனபோது கவுன்சலர் கேட்டார்: "தங்கை டெஸ்ட் எடுத்தாங்களா?" எடுத்துவிட்டாள், ஒன்றுமில்லை என்றேன். அவர் சந்தோஷப்பட்டு அதைக் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டார். டைப் அடிக்கும் சத்தம் கேட்டபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அன்று ராத்திரியே தங்கையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தையும் அனுப்பினேன். என் மார்பைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, "தேதி நவராத்திரிக்கு முன்னாடி போட்டிருக்கேக்கா" என்றாள். அப்போது பொங்கல் முடிந்திருந்தது.

இப்போது சிலிக்கானை அலமாரியில் போட்டுவிட்டேன். ஒரு பக்கம் தட்டையாகவே டி-ஷர்ட்டோடு இந்தியன் ஸ்டோருக்குப் போகிறேன். யாராவது பார்த்தால் பார்க்கட்டும். நினைத்த அளவுக்கு அது கஷ்டமாக இல்லை. அதனாலேயே அந்த மாதங்கள் இன்னும் அதிகமாக உறுத்துகின்றன.

தங்கைக்கும் அந்தப் பழுது இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் இதுவரை ஒன்றும் தெரியவில்லை. பேசி வைத்திருந்த பையனிடம் அவளே சொன்னாள். அவர்கள் வீட்டில் பின்வாங்கினார்கள். அதற்கு அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு முறை, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், "நீ சும்மா இருந்த அந்த நேரத்துல எனக்கு வந்திருந்தா?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. அவளும் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தாள்.