கொம்பு ஓணான் டீமும் மேக்ஸ் டக்கனும்

நெல்லு, மாடு, வாய்க்கால்னு எழுதுற இடத்துல இன்னைக்கு அமெரிக்கக் காலேஜ் பசங்க ஆடுற ஃபுட்பாலைப் பத்தி எழுதப் போறேன். 2022-ல் சம்பா நடவு முடிஞ்சு முதல் களை எடுத்ததும், வயலைத் தம்பிகிட்ட ஒப்படைச்சிட்டு நானும் என் சம்சாரமும் மகள் வீட்டுக்குப் போனோம். டெக்சஸ் மாநிலத்துல ஃபோர்ட் வொர்த். நவம்பர் முதல் வாரம் போய் இறங்கினோம், பொங்கலுக்குத் திரும்பிட்டோம். ஊருக்கு வந்ததும் எல்லாரும் கேட்டது கட்டடத்தையும் ரோட்டையும் பத்தித்தான். எனக்குச் சொல்லணும்னு இருந்தது ஒரு பையனைப் பத்தி.

ஃபோர்ட் வொர்த் பழைய மாட்டுச் சந்தை ஊரு. ஸ்டாக்யார்ட்ஸ்னு ஒரு இடம் இருக்கு. அங்கே இன்னைக்கும் தினம் ரெண்டு வேளை நீளக் கொம்பு மாடுகளைத் தெருவுல ஓட்டிக்கிட்டுப் போவாங்க. வேடிக்கைக்குத்தான், இருந்தாலும் நான் நாலு தடவை போய்ப் பார்த்தேன். அந்த ஊர்ல டெக்சஸ் கிறிஸ்டியன் யூனிவர்சிட்டின்னு ஒரு காலேஜ். சுருக்கமா டி.சி.யு. பக்கத்து ஆஸ்டின் நகரத்து டெக்சஸ் யூனிவர்சிட்டியில அரை லட்சம் பிள்ளைங்க படிக்குதுன்னா, இங்கே பத்துப் பன்னிரண்டாயிரம் பேர்தான். அவங்க டீமுக்குப் பேரு ஹார்ன்டு ஃப்ராக்ஸ். கொம்புத் தவளைன்னு அர்த்தம். படத்தைப் பார்த்தா தவளை மாதிரியே இல்லை. மாப்பிள்ளைகிட்ட கேட்டேன். "தவளை இல்ல மாமா, அது ஓணான் ஜாதி"ன்னார்.

அந்த ஓணானைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு. எதிரி கிட்ட வந்தா கண்ணுலேர்ந்து ரத்தத்தைப் பீய்ச்சி அடிக்கும். சாப்பாடு முக்கியமா ஒருவகைச் செவ்வெறும்புதான், விதை பொறுக்குற எறும்பு. பூச்சி மருந்து அடிச்சு அந்த எறும்பு குறைஞ்சது. வெளிநாட்டுலேர்ந்து வந்த நெருப்பு எறும்பும் பரவிச்சு. ஓணானும் பல இடத்துல காணாமப் போயிடுச்சு. இப்போ ஃபோர்ட் வொர்த் மிருகக்காட்சி சாலையில குஞ்சு பொரிக்க வெச்சுக் காட்டுல விடறாங்க. மருந்து அடிக்கறவன் நினைக்கறது ஒண்ணு, சாகறது இன்னொண்ணு. சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

பேருதான் ஃபுட்பால். காலால உதைக்கறது எப்பவாவதுதான். ரெண்டு பக்கமும் கூரான பந்தைக் கையில வெச்சுக்கிட்டு ஓடணும், இல்லை எறியணும். ஆளுக்கு 11 பேர். மைதானம் 100 கஜம். நாலு தடவைக்குள்ள 10 கஜம் முன்னேறிட்டா மறுபடி நாலு தடவை கிடைக்கும். இல்லேன்னா பந்து எதிராளிக்கு. எனக்குப் பிடிச்சது இந்தக் கணக்குதான். ஒரேயடியா ஓடி ஜெயிக்கறவங்க உண்டு, ஆனா பெரும்பாலும் மூணு கஜம், நாலு கஜம்னு அரைக்காணி அரைக்காணியா உழுற மாதிரிதான் போவாங்க. பந்தை வாங்கி, யாருக்கு எறியறது, தானே ஓடறதான்னு ரெண்டு மூணு நொடியில முடிவு பண்றவன்தான் குவார்ட்டர்பேக். (நம்ம ஊர்ல குவார்ட்டர்னா வேற. டீக்கடையில இந்தப் பேரைச் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க.) அவன் எறியறதுக்குள்ள அவனைச் சாய்க்கத்தான் எதிராளிங்க வருவாங்க. ஒவ்வொருத்தனும் நூறு, நூத்தம்பது கிலோ. முதல் நாளே என் சம்சாரம் கேட்டுச்சு: "இந்தப் பசங்களோட அம்மா இதையெல்லாம் பாக்குமா?"

டி.சி.யு.வோட குவார்ட்டர்பேக் பேரு மேக்ஸ் டக்கன். அயோவா மாநிலத்துல கவுன்சில் பிளஃப்ஸ்ங்கற ஊர்க்காரன். அப்பாவே பள்ளிக்கூட டீமுக்குக் கோச். 2019-லயே, முதல் வருஷத்துலயே இவன் ஆட ஆரம்பிச்சுட்டான். 2020 ஆகஸ்ட்ல, கொரோனா நேரத்துல, ஆட்டக்காரங்களுக்கு இதயப் பரிசோதனை பண்ணப்போ இவனுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு இருக்கறது தெரிஞ்சது. இதயத்துல மின்சாரம் போற பாதையில கூடுதலா ஒரு பாதை. வாய்க்கால்ல யாரோ கள்ள மடை வெட்டி விட்ட மாதிரி. திடீர்னு துடிப்பு தாறுமாறா ஓடும், உயிருக்கே ஆபத்து ஆகலாம். ஒன்பது மணி நேரம் சிகிச்சை நடந்துது. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள்ல ரத்தக்கட்டி, மறுபடி ஆஸ்பத்திரி. அந்த செப்டம்பர் கடைசியில மைதானத்துல இறங்கிட்டான்.

2021-ல் டீம் 5 ஜெயம், 7 தோல்வி. ரொம்ப வருஷமா இருந்த கோச் பாதியிலேயே போயிட்டார். சோனி டைக்ஸ்னு புதுசா ஒருத்தர் வந்தார். 2022 ஆரம்பத்துல அவர் டக்கனை ஒதுக்கிட்டு சாண்ட்லர் மோரிஸ்ங்கற இன்னொரு பையனை முதல் ஆளா வெச்சார். மூணு வருஷம் ஆடினவன், நாலாவது வருஷம் பெஞ்சுல. அங்கே இப்போ ஒரு காலேஜ்லேர்ந்து இன்னொரு காலேஜுக்குத் தாவறது ரொம்ப சுலபம், இடம் கிடைக்காத குவார்ட்டர்பேக் பெரும்பாலும் மூட்டை கட்டிடுவான். டக்கன் போகலை. முதல் ஆட்டம் கொலராடோவோட. அதுலயே மோரிஸுக்கு முழங்கால்ல அடி. டக்கன் உள்ளே போனான்.

அங்கேர்ந்து 12 ஆட்டம், 12 ஜெயம்.

ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி, அவங்க பிரிவுல அப்போ இருந்த 10 டீம்ல இவங்க ஏழாவதா வருவாங்கன்னு கணிச்சிருந்தாங்க. சும்மாவும் ஜெயிக்கலை. ஓக்லஹோமா ஸ்டேட்டோட 17 புள்ளி பின்தங்கி ஜெயிச்சாங்க, அடுத்த வாரம் கான்சஸ் ஸ்டேட்டோட 18 புள்ளி பின்தங்கி ஜெயிச்சாங்க. நான் போனப்போ ஊரெல்லாம் ஊதாக் கொடி. எதிர்வீட்டுப் பெரியவர் அந்தக் காலேஜ்ல படிச்சவர், எழுபது வயசுக்கு மேல. அவர் வீட்டு வாசல்லயும் ஒரு கொடி. சனிக்கிழமை ஆட்டம்னா எங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சிடுவார். அவர் பேசற இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். அவர் "மேக்ஸ்"னு சொன்னா மட்டும் புரியும்.

நவம்பர் 19 பேய்லரோட ஆட்டம். 28-26, ஒரு புள்ளி ரெண்டு புள்ளின்னு இழுத்துக்கிட்டு கடைசி நிமிஷத்துக்கு வந்துடுச்சு. கடிகாரத்தை நிறுத்தற வாய்ப்பு எல்லாம் தீர்ந்துபோச்சு. நொடி ஓடிக்கிட்டே இருக்கு. ஆடிக்கிட்டிருந்தவங்க வெளியே ஓட, பந்தை உதைக்கறவங்க உள்ளே ஓடி வர, நின்னு மூச்சு வாங்கக்கூட நேரமில்லை. கிரிஃபின் கெல்ங்கற பையன் 40 கஜத்துலேர்ந்து உதைச்சான். பந்து பறக்கறப்போ கடிகாரத்துல பூஜ்யம். 29-28. பெரியவர் என்னைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டார். அந்த அவசர ஓட்டத்தையும் முன்னாடியே பயிற்சியில ஓடிப் பார்த்து வெச்சிருந்தாங்களாம். மழை வர்றதுக்கு முன்னாடியே வரப்பைக் கட்டி வெக்கறவனுக்கு இது புரியும்.

இப்போ விஷயத்தோட முடிச்சு. அந்த மட்டத்துல 131 காலேஜ் டீம் இருந்துச்சு. பிளேஆஃபுக்கு நாலே நாலு டீம். அதை முடிவு பண்றது புள்ளிப் பட்டியல் இல்லை, 13 பேர் உக்கார்ந்து பேசற ஒரு கமிட்டி. செவ்வாய்க்கிழமை ஆனா ரேங்க் போடுவாங்க. பெரிய பேரு உள்ள காலேஜ் ரெண்டு தோத்தாலும் உள்ளே வந்துடும், சின்ன காலேஜ் ஒண்ணு தோத்தா வெளியேன்னு பெரியவர் புலம்பிக்கிட்டே இருப்பார். எனக்குக் கொள்முதல் நிலையம் ஞாபகம் வந்துச்சு. நாம விளைய வெச்சு, அறுத்து, காய வெச்சுக் குவிச்சிருப்போம். கருவியைச் செருகி ஈரப்பதம் 17-க்குள்ள இருக்கான்னு பார்த்துச் சொல்றவர் வேற ஒருத்தர். அதுவரைக்கும் அது நெல்லே இல்லை.

டிசம்பர் 3, பிரிவோட இறுதி ஆட்டம். மறுபடி அதே கான்சஸ் ஸ்டேட். ஜெயிச்சா கமிட்டியே தேவையில்லை. கடைசிக் கால் பகுதியில 28-17-ன்னு பின்தங்கி, அப்புறம் 28-20. அதுக்கப்புறம் டக்கன் பண்ணினது இன்னும் கண்ணுல நிக்குது. தன் பக்கத்துலேர்ந்து பந்தை எடுத்துக்கிட்டுத் தானே ஓட ஆரம்பிச்சான். ஓடறான், விழறான், எழுந்திரிக்கறான், குனிஞ்சு முழங்கால்ல கை வெச்சு மூச்சு வாங்கறான், மறுபடி ஓடறான். ஒரே மூச்சுல ஒரு 40 கஜம் ஓடினான். கடைசி 8 கஜமும் அவனேதான். முழங்கையில ரத்தம். உடனே ரெண்டு புள்ளிக்கு ஒரு எறி, அதுவும் கைக்குப் போச்சு. 28-28. இதயத்துல சிகிச்சை பண்ணின பையன்ங்கறது எனக்குத் தெரியுமே, ஒவ்வொரு தடவை குனியறப்பவும் எனக்குத் திக்கு திக்குன்னுச்சு. என் சம்சாரம் எழுந்து சமையக்கட்டுக்குப் போயிடுச்சு.

கூடுதல் நேரத்துல ஒரு முழத்துக்கு முன்னால நின்னுட்டாங்க. நாலாவது வாய்ப்பு. பந்தை டக்கன்கிட்ட வெக்காம, கெண்ட்ரே மில்லர்ங்கற நல்ல ஓட்டக்காரன்கிட்ட கொடுத்தாங்க. அவனை அங்கேயே அமுக்கிட்டாங்க. கான்சஸ் ஸ்டேட் ஒரு உதை, 31-28. டக்கன் பத்திரிகைக்காரங்க முன்னாடி உக்கார்ந்து அழுதான். பேச்சே வரலை.

பெரியவர் அன்னைக்கு ராத்திரி வாசல்லயே நின்னு மாப்பிள்ளையோட வாதம் பண்ணினார். பந்து டக்கன் கையிலதான் இருந்திருக்கணுமாம். மாப்பிள்ளை, அவனுக்கு நிக்கவே தெம்பு இல்லையேன்னார். என் கணிப்பு மாப்பிள்ளை பக்கம்தான். ஓட்டி ஓட்டிக் களைச்ச மாட்டைக் கடைசிச் சாலுக்கும் அடிக்கக் கூடாது. அவங்க பெரியவர்கிட்ட இதை மொழிபெயர்த்துச் சொல்லலை.

மறுநாள் ஞாயித்துக்கிழமை கமிட்டி அறிவிச்சது. ஜார்ஜியா, மிச்சிகன், மூணாவது டி.சி.யு., நாலாவது ஒஹையோ ஸ்டேட். ரெண்டு தோத்த அலபாமா வெளியே. தெருவுல கார் ஹாரன் சத்தம் அடங்க ரொம்ப நேரமாச்சு. டெக்சஸ்ல எத்தனையோ பெரிய காலேஜ் இருக்கு, பிளேஆஃபுக்குள்ள முதல்ல போனது இந்தச் சின்னக் காலேஜ்தான்.

டிசம்பர் 31 அரிசோனாவுல மிச்சிகனோட. மிச்சிகன்தான் ஜெயிக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. 51-45-ன்னு டி.சி.யு. ஜெயிச்சது. டக்கன் ரெண்டு தடவை எதிராளி கைக்குப் பந்தை எறிஞ்சு கொடுத்தான், ரெண்டு எறியில புள்ளி எடுத்தான், ரெண்டு தடவை தானே ஓடியும் புள்ளி எடுத்தான். சுத்தமான ஆட்டம்னு சொல்ல மாட்டேன். எங்களுக்கு அதுதான் புத்தாண்டு. இவங்க காலேஜ் நாட்டுக்கே முதலா வந்தது கடைசியா 1938-ல். இன்னும் ஒரே ஆட்டம்.

ஜனவரி 9, கலிஃபோர்னியாவுல இறுதி ஆட்டம், ஜார்ஜியாவோட. 65-7.

இதைச் சுருக்கமாச் சொல்லிடலாம், ஏன்னா ஆட்டமே அவ்வளவுதான். டி.சி.யு.வோட அந்த ஒரே ஓட்டப் புள்ளியும் டக்கன் ஓடி எடுத்தது. அப்போ 10-7. அதோட சரி. பாதி ஆட்டத்துல 38-7. இந்த மாதிரிப் பெரிய ஆட்டங்கள்ல இவ்வளவு வித்தியாசத்துல யாரும் தோத்ததில்லையாம்.

ஜார்ஜியாவோட குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட்டைப் பத்தியும் சொல்லணும். அந்தப் பையனும் உதவித்தொகை இல்லாம, யாரும் கூப்பிடாம டீமுக்கு வந்தவன். இடம் கிடைக்காம ஒரு சின்னக் காலேஜுக்குப் போய் ஆடி, திரும்ப வந்தவன். அப்போ அவனுக்கு 25 வயசு. ஏழைப் பங்காளன் கதைன்னா அவனுக்கும் அதே கதைதான், என்ன, அவன் பின்னால நின்ன டீம் மலை மாதிரி. அன்னைக்கு நாலு எறிஞ்சான், ரெண்டு ஓடினான், ஆறு புள்ளியாட்டம். டி.வி.யில அவனைக் காட்டறப்பல்லாம் பெரியவர் ஒண்ணுமே சொல்லலை. திட்டவும் இல்லை.

பாதியிலேயே எழுந்து வந்துடலாம்னு எனக்கு இருந்துச்சு. பெரியவர் எழுந்திரிக்கலை, அதனால நாங்களும் உக்கார்ந்திருந்தோம். கடைசிவரைக்கும். அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரன் பட்டியல்ல டக்கனுக்கு ரெண்டாவது இடம்னு அவர் எங்களுக்கு ஏற்கெனவே பத்துத் தடவை சொல்லியிருந்தார். அன்னைக்கு பதினோராவது தடவையும் சொன்னார்.

மூணாவது நாள் நாங்க விமானம் ஏறினோம். எதிர்வீட்டு வாசல்ல கொடி அப்படியேதான் இருந்துச்சு. நான் மகளைக் கேட்டேன், எடுக்க மறந்துட்டாரோன்னு. "அது எப்பவும் இருக்கும்ப்பா, போன வருஷம் ஏழு தோத்தப்பவும் இருந்துச்சு"ன்னா.

2023 ஏப்ரல்ல டக்கனைப் பெரிய ஆட்டத்துக்கு எடுத்தாங்க, கடைசியான ஏழாவது சுத்துல. 2024-லேர்ந்து பிளேஆஃபுக்கு 12 டீம்னு மாத்திட்டாங்க. டி.சி.யு. 2023-ல் மறுபடி 5 ஜெயம், 7 தோல்வி. ஞாயித்துக்கிழமை போன்ல பேசறப்போ மாப்பிள்ளைகிட்ட முதல்ல ஸ்கோர்தான் கேட்பேன். "இந்த வாரமும் போச்சு மாமா"ன்னுவார். அப்புறம் பெரியவர் எப்படி இருக்கார்னு கேட்பேன். வாசல்லதான் உக்கார்ந்திருக்கார்னுவார்.