எனக்கு மூத்தவர்

பசறைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளைப் புரட்டினால் ஒரே பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ‘பிக்கர் தேன்’ என்று சரியாக எழுதிய பிள்ளை அடுத்த வரியில் ‘சீனியர் தேன்’ என்று எழுதியிருக்கும். ‘சுப்பீரியர் தேன்’, ‘ப்ரிஃபர் டீ தேன் காஃபி’ என்று அது நீளும். ஆசிரியர் சிவப்பு மையால் ‘தேன்’ஐ வெட்டி ‘டு’ என்று போடுவார். ஏன் என்று சொல்லமாட்டார். பிள்ளையும் கேட்காது. பட்டியலாக மனப்பாடம் செய்து, சாதாரண தரப் பரீட்சை வரை சுமந்து, பிறகு மறந்துவிடும்.

பிள்ளையின் கவனக்குறைவால் வருவதல்ல இந்தப் பிழை. அதற்குள் ஒரு நேர்மையான கணக்கு இருக்கிறது. தமிழில் ‘நல்லது’ என்ற சொல் ஒப்பிடும்போதும் ‘நல்லது’தான், உருவம் மாறாது. ‘அதைவிட இது நல்லது’ என்னும்போது ஒப்பீட்டின் முழுப் பாரத்தையும் ‘விட’தான் தாங்குகிறது. ‘விட’ என்றால் ‘தேன்’ என்று கற்ற பிள்ளை, ‘விட’ வரும் இடமெல்லாம் ‘தேன்’ போடுகிறது. தனக்குக் கொடுத்த விதியை அது ஒழுங்காகத்தான் பின்பற்றுகிறது.

ஆங்கிலத்தின் பக்கமும் காரணம் உண்டு. ‘பிக்கர்’, ‘ஓல்டர்’ போன்றவை அந்த மொழி தானே ஆக்கிக்கொண்ட ஒப்பீட்டு வடிவங்கள். அவற்றோடு ‘தேன்’ சேரும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரயர் ஆகியவை இலத்தீனிலிருந்து வந்தவை. ‘கூடுதல் மூத்த’, ‘கூடுதல் இளைய’ என்ற பொருளை அங்கேயே ஏற்றுக்கொண்டு வந்ததால், ஆங்கிலத்தில் அவை ‘தேன்’ஐத் தேடாமல் ‘டு’வோடு நின்றன. ‘ப்ரிஃபர்’ என்பதும் இலத்தீன் வழி வந்ததே. ஒன்றுக்கு முன்னால் இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பது என்பது அதன் வேர்ப்பொருள்.

இவ்வளவையும் தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்ல இலத்தீன் வேண்டியதில்லை. லயத்தில் பேசும் தமிழே போதும். வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று கேட்டால், ‘எனக்கு மூத்தவங்க ரெண்டு பேரு, எனக்கு இளையவ ஒருத்தி’ என்று பதில் வரும். ‘என்னைவிட’ என்று அந்த இடத்தில் பெரும்பாலும் சொல்வதில்லை. ‘எனக்கு’ என்றே வருகிறது. அந்தக் ‘கு’தான் ஆங்கிலத்தின் ‘டு’. எனக்கு மூத்தவர், சீனியர் டு மீ. அதற்கு முன், ப்ரயர் டு தட். அதற்கு மேலானது, சுப்பீரியர் டு தட். அதற்குச் சமம், ஈக்குவல் டு தட். காப்பிக்கு முன்னால் தேயிலையை வைக்கிறேன் என்று விரித்துச் சொன்னால் ‘ப்ரிஃபர்’ கூட அதே வரிசையில் வந்து நிற்கும். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதும்போது, பிள்ளைகள் நான் முடிப்பதற்கு முன்பே அடுத்த வரியைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

பசறையில் இன்னொரு வசதியும் உண்டு. கடைவீதியிலும் பதுளை பஸ்ஸிலும் பிள்ளைகள் சிங்களம் கேட்டு வளர்கிறார்கள். சிங்களத்தில் ‘என்னைவிட’ என்பதற்கு ‘மட்ட வடா’. அங்கே நிற்கும் ‘ட்ட’ நம்முடைய ‘கு’வேதான். ஒப்பிடும்போது ‘கு’ வரலாம் என்பது அந்தப் பிள்ளையின் காதுக்குப் பழகிய செய்தி. ஆங்கிலம் பேசாத வீட்டிலிருந்து வந்தாலும், ஆங்கிலத்துக்கு உதவும் இரண்டு மொழிகளோடு அது வகுப்புக்கு வருகிறது.

மற்றச் சொற்களுக்கும் இதே வழி உண்டு. ‘அதிலிருந்து வேறுபட்டது’ என்கிறோம். ‘டிஃபரன்ட் ஃப்ரம்’ அங்கேயே இருக்கிறது. பிரித்தானியர் சிலர் ‘டிஃபரன்ட் டு’ என்றும், அமெரிக்கர் பலர் ‘டிஃபரன்ட் தேன்’ என்றும் சொல்வார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு ‘ஃப்ரம்’ பாதுகாப்பானது. ‘கம்பேர்’ மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்கவைக்கும். நமுனுகுல மலையின் உயரம் 2,036 மீட்டர், பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீட்டர் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தால் ‘கம்பேர் வித்’. நமுனுகுலயை ஊரைக் காக்கும் காவல்காரனுக்கு ஒப்பிட்டால் ‘கம்பேர் டு’. அளப்பதற்கு ‘வித்’, உவமிப்பதற்கு ‘டு’. இங்கும் ‘காவல்காரனுக்கு’ என்று நம் வாயில் ‘கு’ வந்துவிடுகிறது.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது பெரும்பாலும் 1970களில்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி 1945இலேயே தொடங்கிவிட்டது. அந்த இடைவெளியின் சுமையை இன்றைய பிள்ளைகளும் சுமக்கிறார்கள். ஆங்கிலப் பாடப்புத்தகம் சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒன்றே. அதில் ‘கு’வைப் பற்றியோ ‘ட்ட’வைப் பற்றியோ ஒரு வரி இராது. அதை ஆசிரியர்தான் வாயால் சொல்லவேண்டும். தாய்மொழியை வகுப்புக்கு வெளியே விட்டுவிட்டு வா என்று சொல்லும் ஆங்கிலப் பாடம், பிள்ளையின் கையிலிருக்கும் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கதவைத் திறக்கச் சொல்கிறது. தமிழில் தெளிவாக யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மீதிப் பாதிக்குக் காரணம் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.